தி லவ்வர்ஸ் (தொலைக்காட்சித் தொடர்)

தி லவ்வர்ஸ் என்பது 1970, 1971 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய இராச்சியத்தின் ஐடிவி வலையமைப்பில் ஒளிபரப்பான சூழ்நிலை நகைச்சுவைத் தொடராகும். தலைப்பின் நேர்பொருள் 'காதலர்கள்' என்பதாகும். இத்தொடரை ஜாக் ரோசந்தால் உருவாக்கினார். மான்செஸ்டர் நகரில் இயங்கிய கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் தயாரித்தது. ஜெஃப்ரி என்னும் இளம் வங்கி எழுத்தராக ரிச்சர்ட் பெக்கின்சேலும், அவனுடைய காதலி பெரில் பாட்டர்ஸ்பியாக பாலா வில்காக்சும் நடித்தனர். இரண்டு பருவங்களில் மொத்தம் 13 பகுதிகள் மட்டுமே வெளிவந்தன. 1973 ஆம் ஆண்டில் இதே பெயரில் ஒரு திரைப்படமும் வெளியானது.

தொடரின் கரு ஒரே வரியில் அடங்குவது. ஜெஃப்ரிக்குத் திருமணத்துக்கு முன்பே உடலுறவு வேண்டும். பெரிலுக்கு முதலில் மோதிரமும் திருமணமும் வேண்டும். இந்த இழுபறி 13 பகுதிகள் வரை நீள்கிறது. இவ்வளவு சிறிய கருவைக் கொண்ட ஒரு தொடர் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் நினைவுகூரப்படுவதற்கு, அது வெளிவந்த காலத்தை அறிவது இன்றியமையாதது.

'கோர்ட்டிங்' என்னும் வழக்கம்

இத்தொடரின் இணையர் ஆங்கிலத்தில் 'கோர்ட்டிங்' எனப்படும் நிலையில் உள்ளவர்கள். அக்கால இங்கிலாந்தில், குறிப்பாக வட இங்கிலாந்தின் உழைக்கும் வகுப்பினரிடையேயும் கீழ் நடுத்தர வகுப்பினரிடையேயும், இச்சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் இருந்தது. ஓர் ஆணும் பெண்ணும் வேறு எவருடனும் பழகாது, திருமணத்தை நோக்கமாகக் கொண்டு, வீட்டாருக்குத் தெரியவே பழகி வருவதை அது குறித்தது. திரையரங்கு, நடனக்கூடம், மதுச்சாலை, பேருந்து நிறுத்தம் ஆகியவை இவர்கள் சந்திக்கும் இடங்கள். இவற்றுக்கெல்லாம் மேலானது பெண் வீட்டின் முன்னறையும் அங்குள்ள சோபாவும். பெற்றோர் உறங்கச் சென்ற பின்னர் கிடைக்கும் சிறிது நேரமே இவர்களின் தனிமை. மாடியில் தாய் விழித்திருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

இதற்கு அடுத்த படி நிச்சயதார்த்தம். அங்கே இது குடும்பங்கள் கூடி நடத்தும் சடங்கன்று. ஆண் கேட்க, பெண் இசைந்து, மோதிரம் அணிவிக்கப்பட்டதும் அது முடிந்துவிடும். ஆதலால் அந்த ஒரு கேள்வியைக் கேட்பதும் கேட்காமல் விடுவதும் முற்றிலும் ஆணின் கையில் இருந்தன. பெரில் அதற்காகக் காத்திருப்பதும், ஜெஃப்ரி அதைச் சுற்றிச் சுற்றி வருவதும் இத்தொடரின் நகைச்சுவைக்கு ஊற்றாக அமைகின்றன.

காலப் பின்னணி

1960களின் இறுதியில் பிரித்தானிய நாளேடுகள் 'பெர்மிசிவ் சொசைட்டி', அதாவது எதையும் அனுமதிக்கும் சமூகம், பிறந்துவிட்டதாக ஓயாமல் எழுதின. சட்டப்புத்தகத்தைப் பார்த்தால் அவ்வாறே தோன்றும். கருத்தடை மாத்திரை 1961 இல் தேசிய நலச் சேவையில் கிடைக்கத் தொடங்கியது. 1967 இல் கருக்கலைப்புச் சட்டமும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நிறைவேறின. 1970 சனவரி 1 முதல் முழு வயது 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது; இதனால் 18 வயதில் பெற்றோர் இசைவின்றித் திருமணம் செய்துகொள்ள முடிந்தது.

தொடரின் இரண்டு பருவங்களுக்கும் இடைப்பட்ட 1971 சனவரி 1 ஆம் நாள் தனியே குறிப்பிடத் தக்கது. அன்று முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய மணமுறிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிச்சயதார்த்தமும் சட்டவலுவுடைய ஒப்பந்தமாக இருப்பது முடிவுக்கு வந்தது. அதுவரை திருமணம் செய்துகொள்வதாக உறுதியளித்துவிட்டுப் பின்வாங்கியவர் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்க முடியும். இவ்வழக்குகளைப் பெரும்பாலும் பெண்களே தொடுத்தனர். புதிய சட்டம் இவ்வுரிமையை நீக்கியது. நிச்சயதார்த்த மோதிரம் மீளப் பெற முடியாத பரிசாகக் கருதப்படும் என்றும், வேறு உடன்பாடு இருந்ததாக மெய்ப்பித்தால் மட்டுமே திருப்பிக் கேட்கலாம் என்றும் அச்சட்டம் வகுத்தது. பெரில் போன்ற ஒரு பெண்ணுக்கு எஞ்சிய பாதுகாப்பு அந்த மோதிரம் மட்டுமே எனலாம்.

நாளேடுகள் எழுதியதற்கும் மக்கள் வாழ்ந்ததற்கும் இடையே பெரும் இடைவெளி இருந்தது. மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரர், 1971 இல் வெளியிட்ட தம் ஆய்வு நூலில், இங்கிலாந்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரும் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரும் திருமணத்துக்கு முன் உடலுறவு கொண்டதில்லை எனக் கண்டார். திருமணம் செல்வாக்கிழந்துவிட்டதாகவும் கூற முடியாது. 1972 இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 4 இலட்சத்து 26 ஆயிரம் திருமணங்கள் நடந்தன. அதற்குப் பின் எந்த ஆண்டிலும் அவ்வெண்ணிக்கை எட்டப்படவில்லை.

பெரிலின் தயக்கத்தை வெறும் நாணமாகவோ பழமைப்பற்றாகவோ கொள்வதும் பொருந்தாது. 1967 ஆம் ஆண்டின் சட்டம் மணமாகாதவர்களுக்குக் கருத்தடை வழங்க உள்ளூர் நிர்வாகங்களுக்கு அனுமதியளித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாருக்கும், திருமண நிலையைக் கேளாமல், இலவசமாகக் கிடைத்தது 1974 இல் தான். அதற்கு முன் மணமாகாமல் கருவுற்ற பெண் பெரும்பாலும் தாய்-சேய் விடுதிக்கு அனுப்பப்பட்டாள். பிறந்த குழந்தை தத்துக் கொடுக்கப்பட்டது. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமாகாத தாய்மாரிடமிருந்து ஏறத்தாழ 1,85,000 குழந்தைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தின் மனித உரிமைகளுக்கான கூட்டுக் குழு 2022 ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. இந்த எண் தொடரில் எங்கும் பேசப்படுவதில்லை. ஆயினும் சோபாவின் ஒரு முனைக்குப் பெரில் நகர்ந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் அதன் நிழல் அங்கே இருக்கிறது. தோற்றால் ஜெஃப்ரிக்கு இழப்பு ஒரு மாலைப்பொழுது. பெரிலுக்கு அது வாழ்க்கை.

கதைமாந்தர்

ஜெஃப்ரி வங்கியில் வேலை பார்ப்பவன். நாட்டில் எல்லா இளைஞரும் காமக் களியாட்டத்தில் திளைக்கின்றனர், தான் ஒருவனே விடுபட்டுவிட்டான் என்பது அவனது உறுதியான நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வளர்ப்பவன் உடன் பணிபுரியும் ரோலண்ட். ராபின் நெட்வெல் இப்பாத்திரத்தில் நடித்தார். ஜெஃப்ரி பேசுவதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டவையும் நாளேட்டில் படித்தவையுமே. பெண்ணின் கையைப் பற்றும் துணிவைப் பெறுவதற்கே அவனுக்கு ஒரு முழு உரை தேவைப்படுகிறது. அவன் கேட்பது கிடைத்துவிட்டால் என்ன செய்வான் என்ற ஐயம் பார்வையாளருக்கு மட்டுமின்றி அவனுக்கும் உண்டு. அவன் வெறும் காமுகனாகத் தோன்றாமல் பரிவுக்குரியவனாகத் தோன்றுவது இதனாலேயே.

பெரில் அவனைவிடக் கூர்மையானவள். அவள் கேட்டும் படித்தும் வைத்திருப்பவை வேறு: வெள்ளை உடை, தேவாலயம், தனி வீடு. காதற்கதைகளும் மகளிர் இதழ்களும் அவளுக்குக் கற்பித்த காதல் அது. ஆகவே இருவரும் இரவல் மொழியிலேயே பேசிக்கொள்கின்றனர். ஒருவர் புரட்சியைப் பற்றிய செய்தியையும், மற்றவர் திருமணத்தைப் பற்றிய கதையையும் ஒப்பிக்கின்றனர். நடுவே ஒரு கணம் இருவரும் ஒப்பித்தலை மறந்து தங்கள் சொந்தச் சொற்களில் பேசிவிடும் இடங்களே இத்தொடரின் சிறந்த பகுதிகள்.

ஜெஃப்ரியை மனம் கனிந்திருக்கும்போது பெரில் 'ஜெஃப்ரி பபிள்ஸ் பான் பான்' என்று கொஞ்சி அழைப்பாள். அவனுடைய எண்ணம் வேறு திசையில் செல்லும்போது அவள் பயன்படுத்தும் சொல் 'பெர்சி ஃபில்த்'. பெர்சி என்பது சற்றுப் பழைய பாணியிலான ஓர் ஆண்பெயர். ஃபில்த் என்பதற்கு அழுக்கு, ஆபாசம் என்று பொருள். உடலுறவு என்ற சொல்லை வாயால் சொல்லக் கூசும் ஒருத்தி, அதற்கு ஒரு பெயரும் குடும்பப் பெயரும் சூட்டி, அழைக்காமலே வந்து சோபாவில் நடுவே அமரும் மூன்றாம் ஆளாக ஆக்கிவிடுகிறாள். தொடரைப் பார்த்தவர்கள் முதலில் நினைவுகூர்வது இச்சொல்லையே. தணிக்கையாளரும் பெற்றோரும் முகம் சுளிக்காமல் அப்பொருளைப் பேச இது எழுத்தாளருக்கும் வழி செய்தது என்பதையும் கவனிக்கலாம்.

பெரிலின் தாயாக ஜோன் ஸ்காட் நடித்தார்.

உருவாக்கம்

ஜாக் ரோசந்தால் (1931–2004) மான்செஸ்டரின் சீதம் ஹில் பகுதியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். செஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் பயின்றார். கிரனாடாவின் நெடுந்தொடரான கோரனேசன் ஸ்ட்ரீட்டுக்கு 1961 முதல் எழுதத் தொடங்கி, 129 பகுதிகளை எழுதினார். சாதாரண மனிதர் பேசும் பேச்சை, அதன் தயக்கங்களும் திரும்பக் கூறல்களும் கெடாமல் எழுத்தில் கொண்டுவருவதை அவர் அங்கேதான் பழகினார். குப்பை அள்ளும் தொழிலாளரைப் பற்றிய தி டஸ்ட்பின்மென் தொடரை அடுத்து அவர் உருவாக்கியது தி லவ்வர்ஸ். பின்னாளில் தி எவாக்குயீஸ் (1975), பார் மிட்ஸ்வா பாய் (1976), தி நாலெட்ஜ் (1979) முதலிய தொலைக்காட்சி நாடகங்களால் பெரும்புகழ் பெற்றார். பார்பரா ஸ்ட்ரைசாண்டுடன் இணைந்து யென்டல் (1983) படத்தின் திரைக்கதையையும் எழுதினார்.

முதல் பருவத்தின் 6 பகுதிகளையும் ரோசந்தாலே எழுதித் தயாரித்தார். இப்பருவம் 1970 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஒளிபரப்பானது. இதன் இயக்குநர் மைக்கேல் ஆப்டெட் (1941–2021). 1964 இல் ஏழு வயதுக் குழந்தைகள் சிலரைப் பேட்டி கண்டு கிரனாடா தயாரித்த செவன் அப்! என்னும் ஆவணப்படத்தில் ஆய்வாளராகப் பணியாற்றியவர் இவர். 1970 இல் அதே குழந்தைகளைப் பதினான்கு வயதில் மீண்டும் படம்பிடித்து இயக்கினார். அவ்வரிசை பின்னர் 2019 வரை தொடர்ந்தது. உண்மையான பிரித்தானியச் சிறாரின் கூச்சத்தையும் மௌனத்தையும் பதிவு செய்த அதே ஆண்டில் அவர் ஜெஃப்ரியின் கூச்சத்தையும் இயக்கினார் என்பது இத்தொடரின் நடிப்பு ஏன் மிகையின்றி இருக்கிறது என்பதற்கு ஓரளவு விளக்கமாகலாம். ரோசந்தாலும் ஆப்டெட்டும் 1982 இல் ப்டாங், யாங், கிப்பர்பேங் என்னும் படத்தில் மீண்டும் இணைந்தனர். அதுவும் ஒரு முத்தத்துக்காக ஏங்கும் பள்ளிச் சிறுவனைப் பற்றியதே.

1971 இல் ஒளிபரப்பான இரண்டாம் பருவத்தின் 7 பகுதிகளை ஜெஃப்ரி லங்காசயர் எழுதினார். இவரும் கோரனேசன் ஸ்ட்ரீட்டில் எழுதியவர். பின்னர் தி குக்கூ வால்ட்ஸ் தொடரை உருவாக்கியவர். நடிகை சாரா லங்காசயர் இவருடைய மகள். இரண்டாம் பருவத்தில் உரையாடல் வேகம் குறையவில்லை. எனினும் ஒரே கேள்வியை மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியிருந்ததன் களைப்பு ஆங்காங்கே தெரிகிறது. இருவரும் மணந்தால் தொடர் முடிந்துவிடும், பிரிந்தாலும் முடிந்துவிடும், பெரில் இணங்கினாலும் முடிந்துவிடும். 13 பகுதிகளோடு நிறுத்திக்கொண்டதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை.

நடிகர்கள்

ரிச்சர்ட் பெக்கின்சேல் 1947 சூலை 6 இல் நாட்டிங்காம்சயரின் கார்ல்டனில் பிறந்தார். லண்டன் அரச நாடகக் கலைக்கழகத்தில் பயின்ற இவர் முதன்முதலில் தொலைக்காட்சியில் தோன்றியது 1969 இல், கோரனேசன் ஸ்ட்ரீட்டில் ஒரு காவலராக. அக்காவலரின் பெயர் வில்காக்ஸ் என்பது தற்செயலான பொருத்தம். பாலா வில்காக்ஸ் 1949 இல் மான்செஸ்டரில் பிறந்தவர். தேசிய இளைஞர் நாடகக் குழுவில் நடித்தவர். அவரும் அதே 1969 இல் அதே நெடுந்தொடரில் சில பகுதிகளில் தோன்றினார். இருவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது, ஏறத்தாழ அறியப்படாதவர்களாகவே தி லவ்வர்சில் நடித்தனர். அகல விழித்த கண்களும் பாதியில் நின்றுபோகும் வாக்கியங்களும் பெக்கின்சேலின் அடையாளங்கள். ஜெஃப்ரி பொய் சொல்லும்போது அவன் சொல்வதைப் பார்வையாளர் நம்புவதில்லை, ஆனால் அவனை நம்புகின்றனர்.

இதன் பின்னர் பெக்கின்சேல் ஒரே ஆண்டில், 1974 இல், இரண்டு பெருவெற்றித் தொடர்களில் இடம்பெற்றார். பிபிசியின் போரிட்ஜ் தொடரில் முதன்முறை சிறைக்கு வந்த லென்னி கோட்பராகவும், ஐடிவியின் ரைசிங் டாம்ப் தொடரில் மருத்துவ மாணவன் ஆலனாகவும் அவர் நடித்தார். மூன்று தொடர்களிலும் அவர் ஏற்றது ஏறக்குறைய ஒரே வகை மனிதனை: உலகம் தெரிந்தவன் போல் நடிக்கும் வெகுளி. 1979 மார்ச் 19 அன்று, புளூமர்ஸ் என்னும் புதிய தொடரின் ஒரு பகுதி மட்டும் ஒளிப்பதிவுக்கு எஞ்சியிருந்த நிலையில், மாரடைப்பால் உறக்கத்தில் காலமானார். அப்போது வயது 31. போரிட்ஜ் திரைப்படம் அவர் மறைந்து சில மாதங்களுக்குப் பின்னரே வெளிவந்தது. அவருடைய மகள்கள் சமந்தா, கேட் இருவரும் நடிகைகளாயினர். கேட் தந்தையை இழந்தபோது ஐந்து வயதுச் சிறுமி.

பாலா வில்காக்சின் பிந்தைய பாத்திரங்களை வரிசையாகப் பார்த்தால் பிரித்தானியச் சமூகம் நகர்ந்த பாதை தெரியும். 1973 முதல் 1976 வரை மேன் அபௌட் தி ஹவுஸ் தொடரில், தோழி ஒருத்தியுடனும் ஓர் ஆணுடனும் ஒரே குடியிருப்பைப் பகிர்ந்துகொள்ளும் கிறிஸ்ஸியாக நடித்தார். அங்கு உண்மையில் எதுவும் நடப்பதில்லை, ஆனால் அயலார் நடப்பதாக எண்ணுகின்றனர். இத்தொடர் அமெரிக்காவில் த்ரீஸ் கம்பெனி என்னும் பெயரில் மறுஆக்கம் செய்யப்பட்டது. 1977 இல் தொடங்கிய மிஸ் ஜோன்ஸ் அண்ட் சன் தொடரில் அவர் ஏற்றது மணமாகாத தாயின் பாத்திரம். பெரில் எதற்கு அஞ்சினாளோ அதுவே ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு நகைச்சுவைத் தொடரின் கதைத்தலைவியாக, குழந்தையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு வளர்ப்பவளாக, அதே நடிகையின் உருவில் திரைக்கு வந்தது.

திறனாய்வு

இன்று பார்ப்போருக்கு இத்தொடரின் அடிப்படை உறுத்தலாக இருக்கலாம். ஆண் கேட்பவன், பெண் மறுப்பவள் என்னும் பங்கீட்டை அது கேள்வி கேட்பதில்லை. பெரிலுக்கும் ஆசை உண்டு என்பதை அது குறிப்பாகவே உணர்த்துகிறது. நச்சரிப்பு நகைச்சுவையாகக் காட்டப்படும் இடங்களும் உள்ளன. எனினும் அக்காலத்துப் பிரித்தானிய நகைச்சுவையில் இளம்பெண்கள் பெரும்பாலும் அரைகுறை ஆடையுடன் ஓடி மறைபவர்களாகவே வந்தனர் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பெரில் அமர்ந்து வாதிடுகிறாள், பெரும்பாலும் வெல்கிறாள். சிரிப்பு அவளுடைய உடலைப் பற்றியதாக இல்லாமல் அவனுடைய குழப்பத்தைப் பற்றியதாகவே அமைகிறது.

மான்செஸ்டரின் பேச்சுவழக்கு இத்தொடருக்குப் பெரிதும் துணைநின்றது. தலைநகரின் 'துள்ளும் லண்டன்' பற்றிய ஆரவாரத்தை 300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நகரம் அது. விருந்து எங்கோ நடக்கிறது, அழைப்பிதழ் மட்டும் வரவில்லை என்ற உணர்வை ஜெஃப்ரிக்குத் தந்தது அந்தத் தொலைவுதான்.

திரைப்படம்

1970களில் வெற்றி பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களைத் திரைப்படமாக்குவது பிரித்தானியத் திரைத்துறையின் வழக்கமாக இருந்தது. 1971 இல் ஆன் தி பசஸ் படம் ஈட்டிய பெருவெற்றி இதற்கு ஊக்கமளித்தது. அவ்வரிசையில் 1973 இல் வெளியான தி லவ்வர்ஸ்! படத்துக்கு ரோசந்தாலே மீண்டும் திரைக்கதை எழுதினார். பின்னாளில் ஐ, கிளாடியஸ் தொடரை இயக்கிய ஹெர்பர்ட் வைஸ் இப்படத்தை இயக்கினார். பெக்கின்சேலும் வில்காக்சும் தங்கள் பாத்திரங்களையே ஏற்றனர். படம் தொடரின் கதையைத் தொடராமல், இருவரும் முதன்முதலில் சந்திப்பதிலிருந்து தொடங்குகிறது. மான்செஸ்டரின் தெருக்களை வெளிப்புறப் படப்பிடிப்பில் காண முடிவது இதன் சிறப்பு. ஆயினும் இக்கதைக்கு முன்னறையின் நெருக்கடியே பொருத்தமானது என்பதைப் படம் மெய்ப்பிக்கிறது.

தொடரின் இரு பருவங்களும் பிற்காலத்தில் டிவிடி வடிவில் வெளியிடப்பட்டன.